நத்தம், நஞ்சை, குட்டிச்சுவர்

நகரத் திட்டமிடல் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஏற்கெனவே கட்டடம் இருந்து, இடிந்தோ கைவிடப்பட்டோ கிடக்கும் நிலம் 'பிரவுன்ஃபீல்டு'. இதுவரை யாரும் செங்கல் வைக்காத வயல், தோப்பு, மேய்ச்சல் வெளி 'கிரீன்ஃபீல்டு'. புது வீடுகளை எதில் கட்டுவது என்பது இங்கிலாந்தில் தேர்தல் மேடை வரை போகிற சண்டை. தமிழில் இதைப் 'பழுப்பு நிலம்' என்று எழுதினால் மண் பரிசோதனை அறிக்கை மாதிரி ஆகிவிடும். அப்படி எழுத வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் வாடிப்பட்டிப் பக்கம் இதற்கெல்லாம் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். வீடு கட்டுகிற இடம் நத்தம். கட்டக் கூடாத இடம் நஞ்சை. நத்தத்துக்குள் கட்டி, விழுந்து, யாரும் எடுத்துக் கட்டாமல் கிடப்பது குட்டிச்சுவர்.

இந்தப் பிரிவினை ஆயிரம் வருடப் பழசு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜன் எழுதிவைத்த ஊர்களின் கல்வெட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலத்தை அளந்து சொல்லிவிட்டு, வரி கிடையாத நிலம் எது எது என்று கழித்துக்கொண்டே வருவார்கள். ஊர்நத்தம், குளம், ஊடே போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. மிச்சம்தான் விளைநிலம், அதற்குத்தான் வரி. மக்கள் குடியிருக்கும் இடம் ஒன்றல்ல, இரண்டு என்பதும் அதே பட்டியலில் கல்லாகக் கிடக்கிறது. ஊர் தனி, சேரி தனி. இரண்டுக்கும் வரி இல்லை என்பதில் மட்டும்தான் சமத்துவம்.

அந்தப் பட்டியலில் பெண்ணைத் தேடினால் கிடைக்கமாட்டாள். ஆனால் அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டில் 400 பெண்கள் பெயரோடு இருக்கிறார்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அதில் இருப்பவள் யார், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு நூறு கலம் நெல். தமிழ்நாட்டில் பெண்கள் பெயரில் எழுதப்பட்ட வீட்டு வரிசைகளில் மிகப் பழையது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வீடுகளும் அவர்கள் கேட்டு வந்தவை அல்ல. அரசன் புதிதாக எழுப்பிய குடியிருப்பு, அவன் சொல்லி வந்த குடிபெயர்ப்பு. வீடு ஒருத்தியின் பெயரில் இருப்பதும் அவள் விருப்பத்தில் இருப்பதும் வேறு வேறு என்பதை இந்தக் கட்டுரையில் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

வாடிப்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேளம் நினைவுக்கு வரும். எனக்கு வாய்க்கால்தான். ஊருக்கு வடக்கே சிறுமலை, தெற்கே கொஞ்ச தூரத்தில் வைகை, நடுவில் பெரியாறு பிரதானக் கால்வாய். பென்னிகுவிக்கின் அணை வேலை முடிந்து 1895 அக்டோபரில் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பியபோது, அது வைகையில் இறங்கி, பேரணையில் மறிக்கப்பட்டு, இந்தக் கால்வாய் வழியாக எங்கள் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் மழையையும் கண்மாயையும் நம்பிக் கிடந்த எத்தனையோ காடு, நஞ்சையாக மாறியது அதற்குப் பிறகுதான். அதாவது நாம் இன்று 'காலங்காலமான பசுமை' என்று ஏங்குகிற வயல்களில் பெரும்பகுதிக்கு வயது 130 சொச்சம். இயற்கை தானாகக் கொடுத்ததில்லை. வெட்டி, மேடு தட்டி, வரப்புப் போட்டு, பரம்படித்துச் செய்த நிலம். கட்டடம் இல்லை என்பதால் மட்டும் ஒரு நிலத்தைக் 'கட்டப்படாத நிலம்' என்று சொல்வது சரியில்லை. வயல் என்பதே ஒரு கட்டுமானம்.

அந்தக் கட்டுமானத்தில் யாருடைய கை எவ்வளவு என்பதற்குக் கணக்கு கிடையாது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகப் பாசனப் பரப்பு 45,041 ஏக்கர் என்று ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் திறக்கும்போது அரசு அறிவிக்கும். அதில் நிலக்கோட்டை வட்டம் 1,797, வாடிப்பட்டி வட்டம் 16,452, மதுரை வடக்கு வட்டம் 26,792. இந்த எண்களை எங்கள் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏக்கர்களில் நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள், களையெடுத்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் அறிவித்ததில்லை. உழவும் பரம்பும் வரப்பு வெட்டும் ஆண் வேலை, நடவும் களையும் பெண் வேலை என்பது நெல் விளையும் இடமெல்லாம் எழுதாத சட்டம். கூலியும் அப்படியே இரண்டாகப் பிரியும். என் அம்மாவும் நடவுக்குப் போனவர்தான். வரிசையில் பாட்டுப் பாடி முன்னால் போகிற ஒருத்தியின் வேகத்துக்கு மற்றவர்கள் கை ஓட்டுவார்கள், குனிந்த முதுகு மதியம் வரை நிமிராது. அந்த வேலையை நான் அழகுபடுத்தமாட்டேன். ஆனால் வீட்டைவிட்டு வெளியே போய், பத்துப் பெண்களோடு நின்று, தன் கையில் காசு வாங்கிய இடம் அது ஒன்றுதான் என்று அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே நஞ்சை மனையாகும்போது நிலம் வைத்திருப்பவருக்கு நடப்பது விற்பனை. நட்டவளுக்கு நடப்பது ஆலை மூடல். நோட்டீஸ் ஒட்டாத, சங்கம் வைத்துப் பேச முடியாத ஆலை மூடல்.

அது எப்படி நடக்கும் என்பதை அந்தப் பெண்கள்தான் முதலில் அறிவார்கள். சாலையோர வயல் ஒன்று கைமாறும். வாங்கியவர் ஒன்றும் செய்யமாட்டார், சும்மா விடுவார். நடுவில் ஒரு வயல் தரிசாகக் கிடந்தால் அதைத் தாண்டிப் போகும் வாய்க்காலை யாரும் தூர்வாரமாட்டார்கள். கீழ்மடைக்குத் தண்ணீர் குறையும். இரண்டு மூன்று போகம் இப்படிப் போனால் பக்கத்து வயல்காரருக்கும் கட்டுப்படியாகாது. அடங்கலில் தரிசு என்று ஏறிவிட்டால் 'விவசாயம் நடக்காத நிலம்' என்று காட்டச் சுலபம். பிறகு கிராவல் மண் லாரி வரும், மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் வரும், நுழைவில் வளைவு வரும், ஏதாவதொரு 'நகர்' என்று பெயர் வரும். "வாய்க்காத் தண்ணிய மறிச்சுட்டாகன்னா அடுத்த வருசம் கல்லு ஊண்டப் போறாகன்னு அர்த்தம், ஏத்தா" என்று ஒரு பெரியம்மா சொன்னார். "நாங்க அப்பவே வேற ஊருக்கு நடவு கேக்க ஆரம்பிச்சிருவோம்." நகர ஊரமைப்புத் துறைக்குப் பல மாதம் கழித்துத் தெரிவது இவர்களுக்கு மடையடியிலேயே தெரிகிறது.

சட்டம் என்ன செய்தது? சட்டம் இல்லாமல் இல்லை. 1920இலேயே சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது, 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். நஞ்சையை மாற்ற ஆட்சியர் அனுமதி வேண்டும் என்கிற பிரிவும் பின்னால் சேர்ந்தது. அப்படியிருந்தும் அங்கீகாரம் இல்லாத மனைகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைப் பதிவு செய்யவே கூடாது என்று தடை போட்டது. பத்திரப் பதிவு அலுவலக வாசல்கள் சில மாதம் வெறிச்சோடின. 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் போட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் சரியாகிவிடும். வாங்கிய ஏழை எளியவர் பாவம் என்பது உண்மைதான். நகைக்கடையில் சீட்டுக் கட்டுவதுபோல் மாதத் தவணை கட்டி மனை வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் கட்டணம் கட்டி வயலைத் திருப்ப வழியில்லை.

இன்னொரு சட்டம் முக்கியமானது. 2013இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம். அதில் இரண்டு நல்ல வரிகள் உண்டு. மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பி வேலை செய்த விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்ட குடும்பம். அவர்களுக்கும் மறுவாழ்வு உண்டு. கணவனை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர், கைவிடப்பட்டவர் ஆகிய பெண்களைத் தனிக் குடும்பமாகக் கணக்கிட வேண்டும். இந்த இரண்டு வரிக்காகப் பெண்கள் இயக்கங்கள் எவ்வளவு காலம் பேசின என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பல போகம் விளையும் பாசன நிலத்தைத் தவிர்க்க முடியாத நிலை வந்தால் தவிர எடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கள் ஊருக்கு இதனால் என்ன பயன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. சாலை, ரயில், கால்வாய் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. வாடிப்பட்டியிலிருந்து தாமரைப்பட்டி வரை முப்பது கிலோமீட்டர் அளவுக்குச் சுற்றுச்சாலை வந்தது அப்படித்தான். சாலை வந்ததும் இரண்டு பக்கமும் மனை வரும். அந்த மனைகளை அரசு கையகப்படுத்தவில்லை, தனியார் விலைக்கு வாங்குகிறார்கள். விலைக்கு வாங்கினால் கூலிக்கு மறுவாழ்வு என்கிற பேச்சே எழாது. நடவுக்காரி 'பாதிக்கப்பட்டவள்' என்ற பட்டத்தைக்கூட இழந்துவிடுகிறாள்.

நூறு நாள் வேலை இருக்கிறதே என்பார்கள். 2006இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் பெண்கள். இங்கே அதன் வேலை நாட்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவர்களுடையது. ஆனால் அது கிராம ஊராட்சிகளுக்கானது. வாடிப்பட்டி பேரூராட்சி. சோழவந்தானும் அலங்காநல்லூரும் பேரூராட்சிகள்தான். சுற்றிலும் வயலாக இருந்தாலும் காகிதத்தில் நகரம், நகரத்துக்கு நூறு நாள் கிடையாது. ஒரே வாய்க்காலில் நட்டவர்கள் இரண்டு பேரில் ஒருத்தி கண்மாய்க் கரைக்கு மண்வெட்டி எடுத்துப் போவாள், இன்னொருத்தி பஸ் ஏறி மதுரைக்கு வீட்டு வேலைக்குப் போவாள். எல்லைக் கோடு இருவருக்கும் நடுவே ஓடுகிறது.

சரி, வயலை விட்டுவிட்டு நத்தத்தில் கட்டலாமே? குட்டிச்சுவர்கள்தான் கிடக்கின்றனவே? இதைக் கேட்காத சூழலியல் நண்பர்கள் இல்லை. நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பெரிய தெருக்களில் நடந்து பாருங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு வீடு பூட்டியிருக்கும். ஓடு சரிந்து, உத்திரம் விழுந்து, திண்ணையில் ஆடு படுத்திருக்கும். முற்றத்தில் வேம்பு முளைத்து மரமாகிவிட்டது. தண்ணீர்க் குழாய் உண்டு, மின்கம்பம் உண்டு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடந்து போகும் தூரம். புதிதாகச் சாலை போட வேண்டாம், சாக்கடை வெட்ட வேண்டாம். கட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் எது? ஆனால் கட்டமாட்டார்கள். காரணம் கேட்டால் ஒரே பதில்: "பாகம் பிரியல."

பாட்டன் பெயரில் இருந்த மனை, கூட்டுப் பட்டாவாகி, இப்போது பன்னிரண்டு வாரிசு. அதில் அண்ணன் தம்பிகள் ஒருவழியாகப் பேசி முடித்துவிடுவார்கள். "பொம்பளப் பிள்ளைக கையெழுத்துப் போடல" என்பதுதான் கடைசியில் வந்து நிற்கும். வில்லங்கச் சான்றில் இல்லாத வில்லங்கம் அக்கா தங்கச்சிதான் என்று சொல்லாமல் சொல்வார்கள். ஊரின் நடுவில் வீடு கட்ட முடியாமல் போனதற்கும், அதனால் வயலில் போய்க் கட்டுவதற்கும் பழி எங்கே வந்து விழுகிறது பாருங்கள்.

இந்தக் கையெழுத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது சட்டமாக 60 ஆண்டு ஆனது. 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை என்றது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்னால் திருமணமான மகள்களுக்கு இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கச்சிக்கு உண்டு. 2005இல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேலியை எடுத்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று தெளிவாக்கியது.

தேதிகளைக் கொஞ்சம் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். நிலம் ஏக்கருக்கு நெல் மூட்டைக் கணக்கில் விலை போன காலத்தில் மகளுக்குப் பங்கு இல்லை. நான்குவழிச்சாலை வந்து, நிலம் சென்ட் கணக்கில் விலை போக ஆரம்பித்த காலத்தில் பங்கு வந்தது. பங்கு வந்த கையோடு விடுதலைப் பத்திரமும் வந்தது. 'எனக்குச் சேர வேண்டிய பாகத்தை என் சகோதரர்களுக்கு அன்பின் மிகுதியால் விட்டுக்கொடுக்கிறேன்' என்கிற மாதிரியான வாசகத்தை எத்தனை பத்திரத்தில் படித்திருக்கிறேன். அன்பின் மிகுதி எப்போதும் ஒரு பக்கமாகவே ஓடும். போடாவிட்டால் பொங்கல் சீர் நிற்கும், பிள்ளைக்கு மொட்டையெடுக்க மாமன் மடி கிடைக்காது. தாய்மாமன் முறை இவ்வளவு பெரிதாக இருக்கும் நாட்டில் அது சாதாரண மிரட்டல் இல்லை. வயலுக்கு விடுதலைப் பத்திரம் போட்டுக் கொடுத்த பெண்கள், பிறந்த வீட்டு மனைக்கு மட்டும் போடாமல் இழுத்தடிப்பதையும் பார்க்கிறேன். அங்கே அவளுக்கு ஒரு கதவு வேண்டும். புருஷன் அடித்தால் வந்து நிற்க ஒரு வாசல். சுவர் விழுந்தாலும் வாசல் அவளுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள். எனவே ஊருக்குள் கிடக்கும் குட்டிச்சுவர்களில் சிலவற்றை நான் கைவிடப்பட்ட நிலமாக எண்ணுவதில்லை. யாரோ ஒருத்தி கையெழுத்துப் போடாமல் காத்துக்கொண்டிருக்கும் நிலம் அது.

பெண் பெயரில் நிலம் இருந்த காலமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது, 1970இல் அது 15 ஆனது. ஆனால் குடும்பத்துப் பெண் தன் சீதனமாக 10 தர ஏக்கர் வரை தனியே வைத்துக்கொள்ளலாம். சட்டம் எழுதியவர்கள் நல்லெண்ணத்தில்கூட எழுதியிருக்கலாம். விளைவு என்னவென்றால், ஒரு நாற்று முடிச்சைக்கூடத் தன் விருப்பப்படி விற்றறியாத பெரிய வீட்டுப் பெண்கள் கணக்குப் புத்தகத்தில் மிராசுதாரிகள் ஆனார்கள். உழுதவனுக்குப் போயிருக்க வேண்டிய நிலத்தை அவர்கள் பெயர் காத்தது. பெண்ணின் பெயர் ஒரு பெட்டகம். சாவி வேறொருவர் இடுப்பில்.

நத்தத்துக்குள் திரும்புவோம். குட்டிச்சுவர் இருப்பது ஊர்த்தெருவில்தான். சேரியில் குட்டிச்சுவர் கிடையாது, ஏனென்றால் அங்கே ஒரு சுவர் விழுவதற்குள் இரண்டு குடும்பம் அதில் சாய்த்துக் குடிசை போட்டிருக்கும். சோழர் காலத்தில் பிரித்த நத்தம் ஊருக்கு வளர்ந்தது, சேரிக்கு வளரவில்லை. 'ஏற்கெனவே கட்டிய நிலத்திலேயே கட்டுங்கள்' என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, ஏற்கெனவே கட்டிய நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். தலித் குடும்பங்களுக்கு வீட்டுமனை வேண்டுமென்றால் புது நிலம்தான் வழி. அதற்காகத்தான் 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் நோட்டீஸ் வந்தால் மட்டும், வயலை மனைபோட்டு விற்கத் தயங்காதவர்களுக்குத் திடீரென்று நஞ்சைப் பாசம் வந்துவிடும். 'விளைகிற நிலம், விவசாயம் அழியும்' என்று வழக்குப் போடுவார்கள். சமத்துவபுரங்களும் புது நிலத்தில் எழுந்தவையே. முதலாவது 1998 ஆகஸ்டில் எங்கள் மாவட்டத்து மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. பழைய ஊருக்குள் எல்லோரையும் ஒரே தெருவில் குடிவைக்க முடியாது என்பதை ஒரு அரசு ஒப்புக்கொண்டதின் அடையாளமாகவும் அதைப் பார்க்கிறேன். வயலில் கட்டாதே என்பவள் நான். இந்த ஒரு விஷயத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இருந்த இடத்திலேயே கட்டித்தரும் திட்டங்களும் உண்டு. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், குடிசையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் வீடு. அடுத்த ஆண்டு வந்த ஆட்சியில் 300 சதுர அடிப் பசுமை வீடு. 2024இலிருந்து கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். எல்லாமே பட்டா உள்ள இடத்தில் கட்டுவது, வயலைத் தொடாதது. நல்ல திட்டங்கள்தான், மழைக்கு ஒழுகாத கூரையை நான் குறைசொல்லப்போவதில்லை. என் பேச்சு கொல்லையைப் பற்றி. அண்ணன் தம்பி இருவருக்கும் அதே மனையில் இரண்டு கான்கிரீட் வீடு எழும்பும்போது முதலில் போவது கொல்லைதான். கோழிக்கூடு, முருங்கை, அம்மி, துணி துவைக்கும் கல், மாட்டுக் கொட்டம், விறகு அடுக்கு, மாதவிலக்கு நாட்களில் துணி காயப்போடும் மறைவு. கொல்லை பெண்ணின் வேலைக்களம், தனிமை, சில சமயம் சிறுவாடு. வரைபடத்தில் அது 'காலியிடம்'.

இங்கிலாந்துக்காரர்களும் இதே இடத்தில் இடறினார்கள். புது வீடுகளில் 60 சதவீதத்தை ஏற்கெனவே கட்டிய நிலத்தில் கட்ட வேண்டும் என்று 1998இல் அங்கே இலக்கு வைத்தார்கள். கட்டிய நிலம் என்ற வரையறைக்குள் வீட்டுத் தோட்டமும் சேர்ந்துவிட்டது. கட்டுமானக்காரர்கள் தொழிற்சாலை நிலத்தை விட்டுவிட்டுத் தோட்டங்களைப் பிடித்தார்கள். 2010இல்தான் தோட்டத்தை அந்த வரையறையிலிருந்து நீக்கினார்கள். அந்த நாட்டில் இந்த விவாதத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண் இருக்கிறார். ஆக்டேவியா ஹில், 1865இல் ரஸ்கின் கொடுத்த பணத்தில் லண்டனில் மூன்று பழைய வீடுகளை வாங்கி, இடிக்காமல் பழுதுபார்த்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார். வாடகை வாங்கவும் குழாய் ஒழுகினால் பார்க்கவும் பெண்களையே பழக்கினார். நகரத்தைச் சுற்றி வெட்டவெளியைக் காக்க வேண்டும் என்று போராடியவரும் அவரே. அவர் சேர்ந்து தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் பிறந்ததும் 1895, பெரியாற்றுத் தண்ணீர் எங்களுக்கு வந்த அதே ஆண்டு. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று எழுதியவரும் அவர்தான். முன்னோடிகளை முழுதாக ஏற்றுக்கொள்ள நமக்கு எப்போதும் வாய்ப்பதில்லை.

மதுரைக்கு வந்தால், நான் அறிந்தவரை இங்கே நடந்த மிகப் பெரிய 'பழைய நிலத்தில் புது வீடு' வேலை பிளாக்பர்ன் என்கிற ஆட்சியருடையது. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும் அகழியும் நகரை நெரித்துக்கொண்டிருந்தன. 1830களின் இறுதியில் தொடங்கி, சுவரை இடித்து அகழிக்குள் தள்ளச் சொன்னார். இடித்துத் தூர்த்தவர்களுக்கே அந்த நிலம் வீடுகட்டக் கிடைத்தது. அரசு பெரிதாகச் செலவு செய்யாமல் வெளி வீதிகள் பிறந்தன. அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவரும் தெருப் பெயர்களாக நிலைத்துவிட்டார்கள், பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் இருக்கிறது. மண் சுமந்த பெண்கள் இல்லாமல் அகழி தூர்ந்திருக்காது. நம் ஊர்க் கட்டட வேலையில் சட்டிச் சுமை யாருடைய தலையில் என்று கேட்கவே வேண்டியதில்லை. அவர்கள் பெயரில் ஒரு சந்து இல்லை. 1915இல் வந்த பேட்ரிக் கெடஸ், மதுரையைப் பார்த்து அறிக்கை எழுதினார். நெருக்கமான பழைய தெருக்களை மொத்தமாக இடிக்காதீர்கள், மிக மோசமான ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடுத்து, மரம் நட்டு, கிணற்றடியைச் சீர்செய்யுங்கள் என்பது இந்திய ஊர்களுக்கு அவர் சொன்ன வைத்தியம். அந்த அறிக்கைகளைத் தேடித் தொகுத்து 1947இல் நூலாக்கியவர் ஜாக்குலின் டிரைவிட் என்கிற பெண்.

கெடஸ் சொன்னதற்கு நேர்மாறாக மதுரை கண்மாய்களுக்குள் வளர்ந்தது. கண்மாய் அரசுப் புறம்போக்கு. வாரிசு கிடையாது, பாகம் பிரிக்க வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும். தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகம் நிற்கிறது. 2004இல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்று என்று அங்கிருந்து தீர்ப்பு வரும்போதெல்லாம் அகற்றப்படுவது கரையோரக் குடிசை. குழந்தைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு, இருபது கிலோமீட்டர் தள்ளி ஒதுக்கிய இடத்துக்குப் போய், காலை நாலு மணிக்கு எழுந்து பழைய இடத்து வீட்டு வேலைக்கு பஸ் பிடிப்பவள் யார் என்று சொல்ல வேண்டுமா?

எங்கள் வட்டத்திலேயே இப்போது ஒரு பெரிய பழைய நிலம் சும்மா நிற்கிறது. அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை. சில ஆண்டுகளாக அரவை இல்லை. ஏக்கர் கணக்கில் கட்டிய நிலம், சாலையோரம், மின்சாரம், குடியிருப்பு எல்லாம் உண்டு. லண்டனில் இருந்தால் நாளைக்கே அடுக்குமாடி வரைபடம் தயாராகிவிடும். ஆனால் கரும்பு விவசாயிகளும் தொழிலாளர்களும் கேட்பது வீடு இல்லை, ஆலையைத் திற என்கிறார்கள். கரும்பு வெட்டுக்கும் கட்டுக் கட்டவும் போன பெண்களிடம் பேசினால் அவர்களும் அதையே சொல்கிறார்கள். "வீட்ட வச்சுக்கிட்டு என்னத்த திங்க, அதுல வேல வரணும்ல" என்றார் ஒருவர். வயலை மனையாக்கும்போதும், ஆலையை மனையாக்கும்போதும் இழப்பது ஒரே ஆளாக இருக்கிறபோது, பழைய நிலமா புது நிலமா என்ற கேள்வியில் மட்டும் நான் நின்றுவிட முடியவில்லை.

2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வரவேற்கிறேன். வாடிப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் வயலில் போடும் மனைகள் பெரும்பாலும் அந்த விலைக்குள் அடங்குபவை. "வீட்டம்மா பேர்ல போட்டுருங்க சார், மிச்சமாகும்" என்று இப்போது தரகரே எடுத்துக் கொடுக்கிறார். அதே பத்திர எழுத்தர் அதே மேசையில், காலையில் ஒருத்திக்கு அண்ணன்மார் வாங்கும் விடுதலைப் பத்திரம் எழுதுகிறார். மதியம் அந்த அண்ணன் மனைவி பெயரில், நடவு நின்றுபோன வயலில் ஒரு மனைக்குக் கிரயம் எழுதுகிறார். இரண்டிலும் பெண்ணின் கட்டைவிரல் மையில் தோய்ந்து வருகிறது. இப்போது மை வேண்டாம், இயந்திரத்தில் விரலை வைத்தால் போதும். வயல் வேலை செய்து ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு அது சரியாக விழுவதில்லை. விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்கிறார்கள்.